கட்டிலா, கார்டா?

திருப்பூரில் பவர்டேபிள் என்று சொல்லும் தையல் யூனிட் வைத்து நடத்தும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. அரசாங்கம் எதையும் தானே நடத்தக் கூடாது, காசை மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவன் கட்சி. பஸ், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாவற்றுக்கும் அவனிடம் இருப்பது இந்த ஒரே வைத்தியம்தான். ஆஸ்பத்திரி என்று பேச்சு வந்தால் குரல் இன்னும் ஏறும்.

“இந்த ஜி.எச். எல்லாத்தையும் இழுத்து மூடிட்டு ஆளுக்கொரு கார்டு குடுத்துரட்டும் மாப்ள. எந்த ஆஸ்பத்திரி நல்லா இருக்கோ அங்க போய்க்குவாங்க. கவர்மென்ட் பில்லைக் கட்டிட்டா வேலை முடிஞ்சுது. எதுக்கு இத்தனை டாக்டரு, நர்சு, பென்ஷனு?”

அவன் ஒருவன் மட்டும் இப்படிப் பேசினால் இதை எழுதியிருக்க மாட்டேன். படித்தவர்கள், நிதி விஷயம் தெரிந்தவர்கள், டெல்லியில் உட்கார்ந்து திட்டம் தீட்டுகிறவர்கள் பலரும் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள். ஏழையின் வைத்தியச் செலவை அரசு ஏற்க வேண்டுமா என்பதில் தமிழ்நாட்டில் பெரிய சண்டை ஒன்றும் மிச்சமில்லை. கூடாது என்று சொல்லி எந்தக் கட்சியும் இங்கே ஓட்டுக் கேட்க முடியாது. சண்டை எல்லாம் அந்தப் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில்தான். அரசாங்கம் கட்டில் போட வேண்டுமா, கார்டு கொடுத்தால் போதுமா?

வழக்கு பழையது. 1943-இல் வெள்ளைக்கார அரசு ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டது. நம்மூர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். 1946-இல் வந்த அறிக்கை, காசு இல்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்றது. அதற்கு வழி, கிராமத்திலிருந்து மாவட்டம்வரை அரசே ஆஸ்பத்திரி கட்டி, சம்பளத்துக்கு டாக்டர்களை வைப்பது. நாம் ஆரம்ப சுகாதார நிலையம் என்று சொல்வது அந்தக் காகிதத்தில் பிறந்ததுதான். இரண்டு வருஷம் கழித்து, 1948 ஜூலையில், இங்கிலாந்தும் அதே போல அரசு ஆஸ்பத்திரி வழியில் இறங்கியது.

காப்பீட்டுக் கார்டு வந்தது ரொம்பப் பின்னால். 2007-இல் ஆந்திராவில் ஆரோக்யஸ்ரீ. அதைப் பார்த்து 2009 ஜூலையில் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம். ஆட்சி மாறியதும் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று பெயரும் காப்பீட்டுக் கம்பெனியும் மாறின. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்து அதோடு ஒட்டிக்கொண்டது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் போட்டோ எடுத்து அட்டை கொடுத்துவிடுவார்கள். ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டும் பிரீமியம் 2022 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 849 ரூபாய். நண்பனிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் மயங்கித்தான் போவான். 849 ரூபாயில் 5 லட்சம்!

அந்த அட்டை எப்படி வேலை செய்கிறது என்பதை என் தாய்மாமாவோடு இருந்து பார்த்தேன்.

மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து, பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வரவேற்பில் முதல் கேள்வி வலி எங்கே என்பதல்ல, “அட்டை இருக்குங்களா?” என்பது. காப்பீட்டுக்கென்று தனி மேஜை, கணினி, அதன் பின்னால் ஓர் இளைஞர். முன் அனுமதி கேட்டுப் படங்களை ஏற்றினார். சீக்கிரமே அனுமதி வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம்தான் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பிச்சுருளான ஸ்டென்ட்டைப் பற்றியும், திட்டம் அந்தச் சிகிச்சைக்கு வைத்திருக்கும் மொத்த ரேட்டான பேக்கேஜைப் பற்றியும் பேசினார்கள். “பேக்கேஜ்ல வர்றது சாதாரண ஸ்டென்ட்டுங்க. நல்லது வைக்கணும்னா நாப்பதாயிரம் தனியா ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க, டாக்டர் தியேட்டர்ல ரெடியா இருக்கார்.” புருஷன் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது எந்த மனுஷி யோசித்துச் சொல்வாள்? வளையல் அடகுக் கடைக்குப் போனது. கொடுத்த பணத்துக்கு வந்த சீட்டில் ‘முன்பணம்’ என்று மட்டும் எழுதியிருந்தது, எதற்கு என்று இல்லை. இத்தனைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கே 29,600 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017 பிப்ரவரியிலேயே மத்திய அரசு உச்சவரம்பு போட்டிருந்தது. அதற்கு முன் அது லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற பொருள். அட்டையில் ஒரு பைசா கட்டத் தேவையில்லை என்பதுதான் சட்டம். தியேட்டர் வாசலில் சட்டம் பேச ஆள் வேண்டுமே.

சரி, உயிர் பிழைத்தார். கார்டு இல்லையென்றால் அந்த நேரத்தில் அந்த வசதி கிடைத்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜி.எச்.இல் அப்போது ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் கிடையாது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஆயுசுக்கும் சாப்பிட வேண்டிய மாத்திரை இருக்கிறதே, அதற்குக் கார்டு கணக்கில் இடம் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு. கொஞ்ச நாள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பார்த்துவிட்டு, மாமா இப்போது மாதம் ஒரு முறை ஜி.எச்.க்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு போகிறார். ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்த அட்டை அட்டையாக மாத்திரை வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்.

ஒரு நாள் ஆபரேஷனுக்குக் கார்டு. மிச்சம் இருக்கும் வாழ்நாளுக்கு ஜி.எச். நண்பன் மூடச் சொல்வது இந்த இரண்டாவதை.

அந்த மாத்திரை எப்படி வருகிறது என்பது தமிழ்நாட்டுக்கு வெளியே போய்ப் பேச வேண்டிய கதை. நாம்தான் உள்ளூரிலேயே பேசுவதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அரசு ஆஸ்பத்திரி மருந்து என்றாலே தட்டுப்பாடும் ஊழலும்தான். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மொத்த மாநிலத்துக்கும் மருந்தை ஒரே இடத்தில் வாங்க ஆரம்பித்தார்கள். டெண்டருக்கு இரண்டு உறை. முதல் உறையில் கம்பெனியின் தகுதி. அதில் தேறினால்தான் விலை எழுதிய இரண்டாவது உறையைப் பிரிப்பார்கள். வந்து இறங்கும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, யார் தயாரித்தது என்ற அடையாளத்தை மறைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறாத சரக்கு திரும்பிப் போகும். மீண்டும் மீண்டும் மாட்டினால் கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும். மாவட்டங்களில் கிடங்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்கில் கொடுப்பது போல ஒரு பாஸ்புக். இந்த வருஷம் உனக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று வரவு வைத்து, எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். அதனால் எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதைச் சென்னையில் யாரோ முடிவு செய்வதில்லை, அந்தந்த ஊர் டாக்டரும் மருந்தாளுநரும் முடிவு செய்கிறார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

கோடிக்கணக்கான மாத்திரையை ஒரே கையாக வாங்கும்போது விலை எங்கே போய் நிற்கும் என்று வியாபாரியான என் நண்பனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நூல் விலைக்கு மில்காரனோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவன் அவன். ஆனால் அரசாங்கம் அதே காரியத்தைச் செய்தால் மட்டும் அவனுக்குத் திறமை கண்ணில் படாது.

டாக்டர் விஷயமும் அப்படித்தான். மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எம்.பி.பி.எஸ். படித்த இளைஞர் ஏன் போய் உட்காருகிறார்? சேவை மனப்பான்மை கொஞ்சம் பேருக்கு இருக்கும். பெரும்பாலானவர்களை அங்கே நிறுத்தியது முதுநிலைப் படிப்பில் அரசு டாக்டர்களுக்கென இருந்த 50 சதவீத இடம். சில வருஷம் கிராமத்தில் வேலை பார், எம்.டி., எம்.எஸ். சீட்டுக்கு முன்னுரிமை, படித்து முடித்தாலும் அரசு வேலைக்கே திரும்பி வர வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு மயக்க மருந்து டாக்டரும் குழந்தை டாக்டரும் கிடைத்த ரகசியம் இது. 2017 வாக்கில் அகில இந்திய விதிகளைக் காட்டி இதை நிறுத்தினார்கள். அரசு டாக்டர்கள் வழக்குப் போட்டு, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்த ஒதுக்கீட்டைத் தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. நீட் பற்றி நடந்த சத்தத்தில் இந்தத் தீர்ப்பு பலர் காதில் விழவே இல்லை. என்னைக் கேட்டால், ஒரு சாமானியக் குடும்பத்தின் பிரசவத்துக்கு அதைவிட முக்கியமான தீர்ப்பு சமீபத்தில் வரவில்லை.

பிரசவம் என்றதும் இன்னொன்று. 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் 54. இந்தியா முழுமைக்கும் 97. ஏன் இந்த வித்தியாசம்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்சுகளை முறை போட்டு இரவும் பகலும் இருக்க வைத்தார்கள். 2008-இல் 108 வண்டி வந்தது. ஒரு தாய் இறந்தால் அந்த ஃபைல் கலெக்டர் மேஜைவரை போய், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் வீணானது என்று விசாரணை நடக்கிறது. அந்த விசாரணையில் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு வந்த டாக்டர்களைக் கேட்டால் தெரியும், அது சடங்கு அல்ல. இதில் எதைக் கார்டு கொடுத்து வாங்க முடியும்? ராத்திரி இரண்டு மணிக்கு எந்தப் பிரசவமும் வராத நாளிலும் விழித்திருக்கும் நர்சுக்கு எந்த பேக்கேஜில் ரேட் இருக்கிறது?

பில்லுக்குப் பணம் தரும் முறைக்கென்று ஒரு புத்தி உண்டு. எதற்கு ரேட் இருக்கிறதோ அது கூடுதலாக நடக்கும். ஏழைகளுக்கு 30,000 ரூபாய் வரை வைத்தியத்துக்கு ஸ்மார்ட் கார்டு கொடுத்த காலத்தில், பிகாரிலும் சத்தீஸ்கரிலும் தேவையே இல்லாமல் பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்த கொடுமை உச்ச நீதிமன்றம்வரை போனது. 2023-இல் அந்த வழக்கில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் சிசேரியன் 63.8 சதவீதம், அரசு ஆஸ்பத்திரிகளில் 36. அந்த 36-ம் ஒன்றும் பெருமைப்படும் எண் இல்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் ஜி.எச். ஏதோ சொர்க்கம் என்று நினைத்துவிடுவீர்கள். என் தங்கைக்கு முதல் பிரசவம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில்தான். டாக்டர் தங்கம். நர்சு திட்டினாலும் பார்த்துக்கொண்டார். ஆனால் லேபர் வார்டுக் கதவிலிருந்து குழந்தை எங்கள் கைக்கு வருவதற்குள் ஒரு ‘டோல்கேட்’ இருந்தது. ஆண் குழந்தை என்றால் ஒரு ரேட்டு, பெண் என்றால் குறைவு. பெண் குழந்தை. “பொம்பளப் புள்ளதானே, முந்நூறு குடுங்க” என்று ஆயா கையை நீட்டினார், ஏதோ தள்ளுபடி விலையில் தருவதைப் போல. வீல் சேருக்கு ஒரு ஐம்பது. வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு தாய்மார்கள் இருந்த ராத்திரியும் உண்டு. கழிவறையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன், சாப்பிட்டுக்கொண்டு படிப்பவர்கள் இருப்பார்கள்.

இந்தக் கதையைச் சொன்னால் நண்பனுக்கு ஏகக் குஷி. “பாத்தியா, நீயே சொல்ற!” என்பான். நான் சொல்வது வேறு. அந்த ஆயா ஒப்பந்தத் தொழிலாளி. அரசாங்கம் தானே ஆள் வைக்காமல் காண்டிராக்ட் விட்டு, அவர் கையில் போய்ச் சேரும் கூலியைச் சுருக்கியதன் விலையைத்தான் நாங்கள் அந்தக் கதவில் கட்டினோம். அவர் செய்தது சரியென்று சொல்லவில்லை; எனக்கும் கோபம் வந்தது. ஆனால் நண்பனின் வைத்தியம் ஏற்கெனவே அந்த வார்டுக்குள் பாதி நுழைந்திருக்கிறது என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன். நிரந்தர ஆட்களையும் சரியாக நடத்துவதில்லை. அரசாணை 354-ஐ நிறைவேற்றிச் சம்பளத்தைத் திருத்துங்கள் என்று கேட்டு 2019 அக்டோபர் கடைசியில் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆணை 2009-இல் போட்டது. பத்து வருஷம்!

“எல்லாம் என் வரிப்பணம் மாப்ள” என்பது அவனுடைய கடைசி அஸ்திரம். வருமான வரி கட்டுகிறவன் மட்டும்தான் வரி கட்டுகிறான் என்று ஒரு நினைப்பு. ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கும் சித்தாள் வாங்கும் சோப்பிலும் பெட்ரோலிலும் வரி இருக்கிறது. கல்லீரல் வீங்கி மருத்துவ வார்டில் படுத்திருக்கிறாரே, அவர் டாஸ்மாக்கில் வருஷக்கணக்காக முன்பணம் கட்டியே வந்து சேர்ந்தவர். அவருக்குப் போடும் குளுக்கோஸை இலவசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியென்றால் கார்டே வேண்டாமா என்றால், அதுவும் இல்லை. பலர் கவனிக்காத ஒன்று: அரசு ஆஸ்பத்திரிகளும் இதே காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கின்றன. அங்கே செய்யும் ஆபரேஷனுக்கும் கம்பெனி பணம் தருகிறது. அந்தப் பணம் கருவூலத்துக்குப் போய்த் தொலையாமல் ஆஸ்பத்திரி கணக்கிலேயே நிற்பதால், எலும்புக்கு வைக்கும் பிளேட்டும், புதுக் கருவியும் கோட்டைக்கு ஃபைல் அனுப்பிக் காத்திருக்காமல் வாங்க முடிகிறது. வேலை செய்தவர்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. ஜி.எச்.இல் மாட்டிய பழைய ஆர்த்தோ டாக்டர் யாரையாவது கேளுங்கள், கார்டு வருவதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூவுக்கு அலைந்த கதை சொல்வார். என் ஆசையெல்லாம் அந்தப் பணம் முதலில் இங்கே வர வேண்டும் என்பதுதான். அரசு ஆஸ்பத்திரியில் செய்ய முடிகிற ஆபரேஷனுக்கு முதல் உரிமை அரசு ஆஸ்பத்திரிக்கு. அங்கே முடியாதது, குறித்த நாளுக்குள் தேதி கிடைக்காதது வெளியே போகட்டும். ஜி.எச். என்று ஒன்று பக்கத்தில் திறந்திருக்கும்வரைதான் தனியாரும் அரசு சொல்லும் பேக்கேஜ் ரேட்டுக்கு ஒத்துக்கொள்வார்கள். அதை மூடிவிட்டால் அப்புறம் ரேட் சொல்வது யார்?

இதற்கு நண்பன் வைத்த எதிர்க்கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. “தேதி கிடைக்கலன்னா வெளிய போகலாம்னு சொல்லிட்டா, ஜி.எச். டாக்டர் தேதியே குடுக்க மாட்டான். சாயங்காலம் அவன் கிளினிக்கிலயே பாத்துக்குவான்.” நியாயமான சந்தேகம். அரசு டாக்டர்கள் வேலை நேரம் போகத் தனியாக பிராக்டீஸ் செய்ய இங்கே அனுமதி இருக்கிறது. அதைத் தடுத்தால் இருக்கிற டாக்டர்களும் ஓடுவார்கள். தடுக்காவிட்டால் இவன் சொல்வது நடக்கும். சம்பளத்தை உயர்த்திவிட்டுத் தடுக்கலாம். அதற்கு அரசு பணம் போட வேண்டும்.

2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசின் மருத்துவச் செலவை நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. 2021-22-இல், அதுவும் கொரோனா காலத்தில், அது 1.84. இந்த ஒரு எண்ணில் நண்பனும் நானும் ஒரே பக்கம் நிற்கிறோம் என்பது எனக்கே ஆச்சரியம். கார்டுக்கும் அது பத்தாது என்கிறான் அவன். தன் ஆட்களுக்கு அவன் மாதாமாதம் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு கட்டுகிறான், முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. அப்படியும் காய்ச்சல் என்றால் அவன் யூனிட் பெண்கள் ஷிப்டுக்கு வருமுன் எட்டிப் பார்ப்பது பக்கத்துத் தெரு ஆரம்ப சுகாதார நிலையத்தைத்தான். ஏன் என்று கேட்டேன். “அங்க போனா அரை நாள்ல திரும்பி வந்துர்றாங்க மாப்ள. அதை மட்டும் மூடிறக் கூடாது” என்றான்.